சேணம் வைத்துக் கொடுப்பவர் யார்?

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர்களுக்கான ஸ்தோத்திரக் கூட்டத்தில் கொடுக்கப்பட்ட செய்தியின் எழுத்து வடிவம்)



 உங்களில் பலர் இருட்டோடு எழுந்து, இரண்டு பேருந்து மாறி இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் அன்பின் பிரயாசத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

இந்த ஊழியம் உங்கள் கரங்களால் தாங்கப்படுகிறது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் சேர்த்த கைப்பிடி அரிசி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நீங்கள் மனதாரக் கொடுத்தது, ஓய்வூதியத்தில் ஒரு பங்கை மாதந்தவறாமல் அனுப்பும் பெரியவர்களின் காணிக்கை ஆகிய இவைதாம் சக்கர நாற்காலிகளாகவும், காலிபர்களாகவும், ஊன்றுகோல்களாகவும், செயற்கைக் கால்களாகவும் மாறி ஏழைகளின் வீடுகளுக்குப் போயிருக்கின்றன.

ஆகையால் இந்த வேளையில், மருத்துவமனைக்கு உள்ளே நடப்பவற்றைப் பற்றி அல்ல, வாசலுக்கு வெளியே நடப்பதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிகிச்சை முடிந்து, புதிய காலிபருடனோ சக்கர நாற்காலியுடனோ வெளியே போகிற ஒருவர் சந்திக்கும் முதல் தடை எது? நம் கேட்டுக்கு எதிரே வந்து நிற்கும் பேருந்தின் படி.

வாகனம் கிடைக்காமல் போன ஒரு மனிதன்

மேவிபோசேத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஐந்து வயதில், யுத்தச் செய்தி கேட்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் முடமானவன். யோனத்தானுடைய குமாரன். தாவீது ராஜா அவனைத் தேடிக் கண்டுபிடித்து, தன் பந்தியில் தினமும் அமர வைத்தார். 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்திலுள்ள இந்தச் சம்பவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம்.

அதற்குப் பின் நடந்ததை நாம் அவ்வளவாகத் தியானிப்பதில்லை. அப்சலோமுக்குத் தப்பி ராஜா எருசலேமை விட்டுப் போகிறார். மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா, சேணம் வைத்த இரண்டு கழுதைகளோடு ராஜாவைச் சந்திக்கிறான். உன் எஜமானுடைய குமாரன் எங்கே என்று ராஜா கேட்கிறார். அவன் ராஜ்யம் தனக்குக் கிடைக்கும் என்று எருசலேமிலேயே இருந்துவிட்டான் என்று சீபா சொல்லுகிறான். ராஜா அதை நம்பி, மேவிபோசேத்துக்கு உரிய எல்லாவற்றையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறார்.

யுத்தம் முடிந்து ராஜா திரும்பி வரும்போதுதான் உண்மை தெரிகிறது. நீ ஏன் என்னோடு வரவில்லை என்று ராஜா கேட்க, மேவிபோசேத் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அடியேன் முடவன், கழுதைக்குச் சேணம் வைத்து அதில் ஏறி ராஜாவோடு போக நினைத்தேன், என் வேலைக்காரன் என்னை மோசம் பண்ணினான்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். ராஜாவின் பந்தியில் அவனுக்கு இடம் இருந்தது. ராஜாவோடு போவதற்கு வாகனம் இல்லை. அவன் போகாததைக் கண்டவர்கள், அவனுக்குப் போக மனமில்லை என்று எண்ணினார்கள். அவனுடைய நிலமும் போயிற்று, நற்பெயரும் போயிற்று. எல்லாம் சேணம் வைத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் வந்தது.

எந்த மருத்துவமனையின் பதிவேட்டை எடுத்தாலும், மறுபரிசோதனைக்குக் குறித்த தேதிக்கு நேராகப் பல இடங்களில் “வரவில்லை” என்ற ஒரு சொல் இருக்கும். அக்கறை இல்லாதவர், சொல்பேச்சு கேளாதவர் என்று அதற்கு எளிதாகப் பொருள் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டிலும், வேலைக்கான நேர்காணல் பட்டியலிலும், ஏன், சபையின் ஆராதனையிலும்கூட அதே சொல் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல நேரங்களில் ஒரு படிக்கட்டுத்தான் நிற்கிறது.

பேருந்தின் படி கேட்பது என்ன?

நம் ஊர்களில் ஓடும் சாதாரணப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது மூன்று அடி. கால் நன்றாக இருப்பவர் கம்பியைப் பிடித்து ஓரிரு நொடியில் ஏறிவிடுவார்.

முழங்காலுக்கு மேல் காலிபர் அணிந்தவரை எண்ணிப் பாருங்கள். அவர் நிற்கும்போது கால் மடங்காதபடி முழங்காலில் பூட்டு இருக்கும். மடங்காத காலோடு உயரமான படியில் ஏற வேண்டுமானால், உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றக் காலை இடுப்பின் பலத்தால் இழுக்க வேண்டும். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் இருந்தால் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஊன்றுகோலை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் விசில் ஊதப்பட்டு வண்டி நகர்ந்துவிடும்.

இந்தியாவில் கடைசி இளம்பிள்ளை வாதம் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். சிறுவயதில் தகப்பன் தோளில் பள்ளிக்கூடம் போனவர்களை இன்று தூக்குவதற்குத் தகப்பனும் இல்லை, அவர்களுடைய தோள்மூட்டும் முன்போல் ஊன்றுகோலைத் தாங்குவதில்லை.

தண்டுவடம் அடிபட்டவர்களின் நிலை இன்னும் கடினம். பனை, தென்னை ஏறும்போது விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலை விபத்தில் அடிபட்டவர்கள் நம் வார்டுகளில் மாதக்கணக்கில் இருந்து, சக்கர நாற்காலியில் தாமாக வாழப் பழகி வீட்டுக்குப் போகிறார்கள். இவர்களில் பலருக்குச் சிறுநீர் தானாக இறங்காது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்து எடுக்க வேண்டும். பேருந்து நிலையத்தின் கழிப்பறை வாசலில் மூன்று படி இருந்தால் இவர் என்ன செய்வார்? பயணத்துக்கு முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். தண்ணீர் குறையும்போது சிறுநீரில் கிருமி பெருகுகிறது, கல் உண்டாகிறது, நாளடைவில் சிறுநீரகமே கெட்டுப்போகிறது. சிறுநீரகத்தைப் பரிசோதிக்க நம்மிடம் வருகிறவர், வருகிற வழியிலேயே அதைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய தோலுக்கும் உணர்வு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளாவிட்டால், அழுத்தம் பட்ட இடத்தில் இரத்தம் ஓடாமல் புண்ணாகிவிடும். நெரிசலான இருக்கையில் மூன்று மணி நேரம் ஒடுங்கி உட்கார்ந்து போன ஒரு பயணம், மூன்று மாதம் படுக்க வைக்கும் புண்ணை உண்டாக்கக்கூடும்.

தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்துபோவதற்கு வலி தெரியாமல் படும் காயங்களே பெருங்காரணம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். பேருந்தில் இன்ஜின் மூடியை ஒட்டி உட்கார இடம் கிடைத்த ஒருவருக்கு, அதன் சூடு தெரியாது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

இவை தவிர, வரும் பேருந்தின் எண்ணைப் பார்க்க முடியாத பார்வையற்றோர் இருக்கிறார்கள். நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் கூவினாலும் கேளாத செவித்திறன் குறைந்தோர் இருக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள நம் தாய்மார்களும், நிறைமாதக் கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சை முடிந்து தையலோடு வீடு திரும்புகிறவர்களும் அதே படியில்தான் ஏறுகிறார்கள்.

சட்டமே இறக்கிவிட்ட காலம்

இது புதிய துயரம் அல்ல. 1898-ஆம் ஆண்டு ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், அது அமலான இடங்களில் அறிவிக்கப்பட்ட தொழுநோயாளிகள் ரயில் தவிர வேறு எந்த வாடகை வாகனத்திலும் ஏறக்கூடாது என்று தடை விதிக்க இடம் கொடுத்தது. பல மாநிலங்கள் அதை முன்பே கைவிட்டாலும், மத்திய அரசின் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2016-இல்தான். தொழுநோய்க்கு நல்ல மருந்துகள் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த எழுத்து அங்கே இருந்தது.

இன்று எந்தச் சட்டமும் எவரையும் ஏறாதே என்று சொல்வதில்லை. ஆனால் மூன்றடி உயரப் படி வாய்திறவாமல் அதையே சொல்லுகிறது.

வேலூரில் ஒரு மருத்துவர்

இந்த நேரத்தில் நம்முடைய ஊழியங்களின் சரித்திரத்தில் ஒரு சகோதரியை நினைவுகூருவது நல்லது. டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர். 1954-ஆம் ஆண்டு நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். பயணம் பறித்த கால்கள் அவை.

அவர் இனி மருத்துவம் செய்ய இயலாது என்று பலரும் நினைத்திருக்கலாம். டாக்டர் பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அந்தக் கைகளைச் செம்மைப்படுத்தினார். பின்பு நியூயார்க்குக்குச் சென்று மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று, வேலூருக்குத் திரும்பி அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றி நாம் பேசுவது சரிதான். அதோடு இதையும் பேச வேண்டும்: அவர் வாழ்ந்து வேலை செய்த இடத்தில் சக்கரம் உருளக்கூடிய தரை இருந்தது, அறுவை சிகிச்சை மேசை அவர் உட்காரும் உயரத்துக்கு வந்தது, அவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக மனிதர் இருந்தனர். தேவன் அவருக்குத் தந்த வரத்தை அந்த வசதிகள் ஆயிரக்கணக்கானோருக்குக் கொண்டுசேர்த்தன. அப்படிப்பட்ட வரங்களோடு எத்தனை பேர் நம் கிராமங்களில் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்களோ!

பேருந்தை நிறுத்திய போதகர்

வெளிநாட்டில் இதற்கு வழி திறந்த ஒரு போதகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் வேட் பிளாங்க் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் இருந்தார். முதியோருக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றில், ஊனமுற்ற இளைஞர்கள் வேறு கதியின்றி அடைபட்டிருப்பதைக் கண்டு, 1975-இல் அவர்களை வெளியே அழைத்து வந்து சாதாரண வீடுகளில் குடியமர்த்தினார். வீடு கிடைத்தது. ஆனால் வீட்டிலிருந்து எங்கே போவது? நகரப் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறாது.

1978 ஜூலை 5-ஆம் தேதி, அந்தக் குழுவைச் சேர்ந்த 19 மாற்றுத்திறனாளிகள் நகரின் நடுவிலுள்ள ஒரு சாலைச் சந்திப்பில் இரண்டு பேருந்துகளை மறித்து நின்றார்கள். இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் பேருந்துகளில் நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவியைப் பொருத்தச் சம்மதித்தது. அங்கே தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவியது. 1990 ஜூலை 26-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானபோது, புதிதாக வாங்கும் பொதுப் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏற வசதி இருக்க வேண்டும் என்பது அதில் கட்டாயமாயிற்று.

நீங்களும் போய்ப் பேருந்துக்கு முன்னால் நில்லுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு போதகர், நான் வீடு கொடுத்தேன், என் கடமை முடிந்தது என்று நிறுத்திவிடவில்லை என்பதைத்தான் சொல்லுகிறோம். வாசலுக்கு அப்பாலும் அவருடைய கரிசனை போயிற்று.

நம் நாட்டில் திறந்திருக்கும் கதவு

நம் தேசத்திலும் கர்த்தர் சில கதவுகளைத் திறந்திருக்கிறார். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பேருந்து, ரயில்களை இவர்களுக்கு ஏற்றபடி அமைக்கச் சொன்னது. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற ஒரு சொற்றொடரையும் சேர்த்துவிட்டது. வசதி வரவே இல்லை! ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதையொட்டி வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், போக்குவரத்தில் தடையின்றிச் செல்வதை அரசின் கடமையாக வைத்தது. பார்வையற்ற ஒருவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளுக்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தச் சகோதரர் காத்திருந்தார்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருகிறவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ரயிலில் பார்வையற்றோருக்கும், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை கால் ஊனமுற்றோருக்கும் சாதாரண வகுப்புகளில் நூற்றுக்கு 75 வீதம் கட்டணச் சலுகை உண்டு. இவற்றுக்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் கட்டணம் இல்லை என்ற சலுகை, ஏற முடிந்தவருக்குத்தான் சலுகை. ஏற முடியாதவருக்கு அது சட்டைப்பையில் இருக்கும் ஒரு அட்டை மட்டுமே.

மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இவற்றின் தளம் ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே படி இல்லை. கதவருகே ஒரு சாய்தளப் பலகை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை விரித்தால் நாற்காலி உருண்டு ஏறலாம். உள்ளே நிறுத்திப் பட்டையால் கட்டிக்கொள்ள இடமும் உண்டு.

அந்தப் பேருந்து மட்டும் வந்தால் போதுமா? போதாது. அது 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி நின்றால், நாற்காலி ஏற வேண்டிய உயரம் 250 மில்லிமீட்டர்தான். அதே பேருந்து நடுச்சாலையில் நின்றால் முழு 400. அந்த வித்தியாசத்தில் ஒருவர் தாமாக ஏறுவதும், இரண்டு பேர் தள்ளினாலும் ஏறாமல் போவதும் அடங்கியிருக்கிறது. பேருந்தை வாங்குவது அரசு. ஓரமாக ஒட்டி நிறுத்துவது ஓட்டுநர். ஒரு நிமிடம் பொறுப்பது நடத்துநர். முகம் சுளிக்காமல் காத்திருப்பது பயணிகளாகிய நாம். நடைபாதையில் கடையும் வண்டியும் வைக்காமல் இருப்பது ஊரார். இத்தனை பேரும் சேர்ந்தால்தான் ஒருவர் ஏற முடியும்.

நம் மருத்துவமனைக்கு வரும் கிராமத் தடங்களிலோ இன்னும் உயரமான படிகளே. இங்கே நாம் என்ன செய்யப் போகிறோம்?

இரண்டு விண்ணப்பங்கள்

முதலாவது, ஒரு வாகனம். பின்புறம் சாய்தளம் விரியக்கூடிய, சக்கர நாற்காலியோடு இரண்டு பேரை ஏற்றக்கூடிய ஒரு வேன் நமக்குத் தேவை. தண்டுவட நோயாளிகளின் மறுபரிசோதனை நாட்களில் பேருந்து நிலையத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் அவர்களை அழைத்து வர அது உதவும். பனையிலிருந்து விழுந்த ஒரு வாலிபனை அவனுடைய தம்பி முதுகில் சுமந்து வருவதை நாங்கள் காண்கிறோம். வருகிற ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பி ஒரு நாள் கூலியை இழக்கிறான். ஆட்டோ பிடித்தால் மருந்துச் செலவை விட வண்டிச் செலவு அதிகமாகிறது. அண்ணன் தன் தம்பிக்குப் பாரமாக இருக்கிறோமே என்று எண்ணி, இனி வரவேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறான். அந்த முடிவுதான் எங்களுக்குப் பயம். நோய் அவனைக் கொல்வதற்கு முன்னே அந்த முடிவு கொல்லும்.

இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைவிடப் பெரியது. அதற்குப் பணம் தேவையில்லை. நாங்கள் மனதைத் திறந்து சொல்லுகிறோம்: வேன் ஒருநாளும் பேருந்துக்கு ஈடாகாது. வேன் அந்தச் சகோதரனை எங்களிடம் மட்டும் கொண்டுவரும். பேருந்துதான் அவனை வேலைக்கும், சந்தைக்கும், தாலுகா அலுவலகத்துக்கும், அக்காள் மகள் கல்யாணத்துக்கும், கர்த்தருடைய ஆலயத்துக்கும் கொண்டுபோகும். வேனில் அவன் நோயாளி. பேருந்தில் அவன் பயணி. அவனை நோயாளியாகவே வைத்துப் பராமரிப்பதற்கு அல்ல, உங்களைப்போல் டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்காருகிற மனிதனாக்குவதற்குத்தான் தேவன் இந்த மருத்துவமனையை வைத்திருக்கிறார்.

ஆகையால், உங்கள் சபைகளிலே இவற்றைச் செய்யுங்கள்.

உங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தைப் போய்ப் பாருங்கள். நடைபாதை உடைந்திருக்கிறதா, நிழற்குடைக்கு முன் சாக்கடை திறந்திருக்கிறதா, சாய்தளம் உண்டா என்று குறித்துக்கொண்டு, ஊராட்சிக்கும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் சபையின் பெயரில் விண்ணப்பம் எழுதுங்கள். ஐம்பது கையெழுத்தோடு போகும் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. அதை எழுதும்போது உங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகளை முன்னே வைத்து, அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

உங்கள் சபையில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பீடத்துக்கு முன் அழைத்து அவர்களுக்காக ஜெபியுங்கள். நேரத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்ற நெருக்கத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஊன்றுகோலோடு நிற்பவர் ஏறி உட்காரும் மட்டும் விசில் ஊதாமல் பொறுக்கும் நடத்துநர் செய்வதும் ஒரு ஊழியம்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

வாலிபர்களுக்கு உதவி செய்யும் முறையைக் கற்றுக்கொடுங்கள். முதலில் கேட்க வேண்டும்; கேளாமல் தூக்கக்கூடாது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், அவர் நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். சக்கர நாற்காலியைத் தூக்கும்போது கழன்றுவரும் கைப்பிடிகளையும் கால்பலகையையும் பிடிக்காமல், கழலாத சட்டத்தைப் பிடிக்க வேண்டும். உணர்வற்ற கால்களை உடைய ஒருவரை இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது.

கடைசியாக, உங்கள் ஆலய வாசலைப் பாருங்கள். அங்கே எத்தனை படி? சாய்தளம் கட்டும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கட்டுங்கள். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் கண்ணுக்குச் சாய்தளம் இருக்கும், காரியத்துக்கு உதவாது.

கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தார்கள். வழி இல்லை என்று கண்டபோது அவனைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. கூரையைப் பிரித்தார்கள். வழி இல்லாவிட்டால் மாற்ற வேண்டியது கட்டடத்தைத்தான், மனிதனை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வேதம் சொல்லுகிறது.

ஜெபத்துக்காக

1. மருத்துவமனை வாகனத்துக்கான தேவையைக் கர்த்தர் ஏற்ற காலத்தில் சந்திக்க.

2. தூரத்தினாலும் செலவினாலும் மறுபரிசோதனைக்கு வர இயலாமல் வீடுகளில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்காக. அவர்களைச் சுமக்கும் குடும்பத்தாருக்காக.

3. போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்காக. தாழ்தளப் பேருந்துகள் மாவட்டத் தடங்களுக்கும் வருவதற்காக.

4. ஓட்டுநர்கள், நடத்துநர்களுக்காக, அவர்கள் பொறுமைக்காகவும் பாதுகாப்புக்காகவும்.

பிரியமானவர்களே, கூட்டம் முடிந்து நீங்கள் பேருந்தில் ஏறும்போது முதல் படியில் கால் வைக்கிற அந்த ஒரு நொடியில் எங்கள் நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியக் குழுவினர்